மூக்கில்லாமல் கிரில் போட்ட காலம்

ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வரும். கிரில்லின் அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டிலிருந்து ஆவி எழுந்து வெளியே போகும். இரண்டும் ஜன்னல் சட்டத்துக்குப் பக்கத்தில் சந்தித்துக்கொள்ளும். எது பனி, எது ஆவி என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அன்றைக்கும் அந்த ஜன்னலோரம்தான் நின்றுகொண்டிருந்தேன். கையில் இடுக்கி. இரும்புச் சட்டத்தின் மேல் வரிசையாகக் கோழித் துண்டுகள், ஓரத்தில் பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ், நீளவாக்கில் பிளந்தது. கொழுப்பு சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்து 'சுள்' என்றது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. பாதி தூக்கத்தில் நிற்பது போல ஒரு சுகம்.

"தம்பி, கருகுது."

பின்னாலிருந்து புஷ்பம் அக்காவின் குரல். எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர். கழுவும் தொட்டியிலிருந்து என் அடுப்புக்கு நல்ல தூரம். அங்கிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பின் மேலேயே குனிந்து நின்ற எனக்குத் தெரியவில்லை.

துண்டைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் கறுத்திருந்தது. எனக்கு அப்போது மூக்கு இல்லை. முகத்தில் இருந்தது, வேலை செய்யவில்லை.

கரண்ட் அடுப்பின் பெருமை

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலை மலையின் நடு உச்சியில் இருக்கிறது இந்தப் பங்களா. ஒரு காலத்தில் துரைமார் இருந்த வீடு. இப்போது கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் தங்கிப் போகிற ஹோட்டல். வளைகுடாவில் கிரில் அடுப்புக்கு முன்னால் சில வருடங்கள் வியர்த்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, இந்த வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே வியர்க்காது. பனியில் பல் கிடுகிடுக்கும், அடுப்பருகே நிற்பதற்குச் சண்டை வரும்.

பங்களாவின் கூரையும் தளமும் பழைய மரம். கரி அடுப்பு வைத்தால் ஒரு பொறி போதும். அதனால் மின்சாரக் கிரில் வாங்கிப் போட்டார்கள். "கரண்டில் சுட்டால் ருசி எங்கே வரும்?" என்று கேட்கிற ஆட்களை இன்றுவரை சந்திக்கிறேன். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒரு துண்டு மீனை வாயில் வைத்துவிட்டுப் பேசச் சொல்வேன். பிறகு அவர்களே பேச மாட்டார்கள்.

அமைப்பு எளியதுதான். மேலே கனத்த வார்ப்பிரும்புச் சட்டம். அதன் கீழே விரல் மொத்தத்தில் வளைந்து வளைந்து போகிற கம்பிகள். எலிமென்ட் என்பார்கள். அதுதான் சிவந்து சூடு கொடுக்கும். அதற்கும் கீழே தண்ணீர்த் தட்டு. சொட்டுகிற கொழுப்பு தண்ணீரில் விழுந்துவிடுவதால் புகை மண்டாது, தீயும் பிடிக்காது. இடது பக்கத்துக்கு ஒரு திருகு, வலது பக்கத்துக்கு ஒரு திருகு. இடதில் சுடச்சுட முகம் காட்டி, வலதில் நிதானமாக வேகவிட வேண்டும்.

அவசரக்காரர்களுக்கு இந்த அடுப்பு ஆகாது. திருகிய உடனே மீனைப் போட்டால் ஒட்டிக்கொண்டு தோலோடு பிய்த்துக்கொண்டுதான் வரும். சட்டம் நன்றாகச் சூடேறும்வரை சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதில் எனக்குக் கெட்டிக்காரத்தனம் உண்டு.

அப்படி நிற்கும்போது ஒன்று நினைப்பேன். ஜன்னலுக்குக் கீழே கிடக்கிற இந்தத் தண்ணீர் மலையிறங்கி, ஒவ்வொரு மின்நிலையமாகத் தாண்டி, பொல்பிட்டிய வரைக்கும் போகிறது. போகிற வழியில் மின்சாரமாகிறது. அந்த மின்சாரம் கம்பி வழியாகத் திரும்ப மலையேறி வந்து என் அடுப்பைச் சிவக்க வைக்கிறது. அப்படியானால் நான் மீன் சுடுவது தண்ணீரில்தானே? மீன் வந்ததும் அதே தண்ணீரிலிருந்துதான். இதை மனைவி பரமேஸிடம் சொன்னபோது, "ஒங்களுக்கு வேலை கம்மியா இருக்குங்க" என்றாள்.

வாசமில்லாத ஊர்

ஊரையே படுக்கவைத்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. இருமல் போனது, உடம்பு வலி போனது. வாசம் மட்டும் திரும்பவில்லை.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கருவாடு பொரிக்கும்போது நான் மட்டும் சிரித்த முகத்தோடு இருந்தேன். பிறகு ஒரு நாள் பரமேஸ் வேலைவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். தலையில் எவ்வளவு இறுக்கித் துணி கட்டினாலும் தேயிலைத் தூள் முடிக்குள் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் என்றால் எனக்கு அந்த வாசம்தான். அன்றைக்கு அவள் தலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. கண்ணாடி வழியாக அவளைப் பார்ப்பது போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் ஊரே வாசத்தால் ஆனது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பச்சைக் கொழுந்து வாடுகிற வாசம் ஒன்று. அரைத்துப் போட்ட கொழுந்து நிறம் மாறும்போது வருகிற பழ வாசம் ஒன்று. மழைக்கு முன்னால் பாதையிலிருந்து எழும் மண் வாசம், கோயிலில் சாம்பிராணி, பஸ்ஸில் ஈரக் கம்பளி. எல்லாவற்றையும் யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். பார்க்க எல்லாம் அப்படியே இருந்தது. கனவில் நடக்கிற ஆள் மாதிரி நான் அதற்குள் போய்வந்துகொண்டிருந்தேன்.

சின்ன வயதில் ஒரு முறை ரயிலில் பட்டிப்பொல வரைக்கும் போயிருக்கிறேன். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் எல்லாம் இருட்டு. எஞ்சின் புகை பெட்டிக்குள் வந்து நிறைந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அம்மா மடியில் வைத்திருந்த பையிலிருந்து எலுமிச்சைச் சோற்றின் வாசம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது சுரங்கத்துக்குள் அந்தப் பையும் இல்லை.

ஹட்டனில் பார்த்த டாக்டர், வாசம் தானாகத் திரும்பி வரும், பொறுத்திருங்கள் என்றார். பரமேஸ் பொறுக்கவில்லை. ஓமத்தைத் துணியில் கட்டி முகரக் கொடுத்தாள், நொச்சி வேகவைத்து ஆவி பிடிக்கவைத்தாள். விரலி மஞ்சளை விளக்கில் காட்டிச் சுட்டு, சளிக்குப் பிடிப்பது போல அந்தப் புகையை என் மூக்கில் பிடித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. வீட்டில் எல்லாரும் தும்மினார்கள். வாசம் வரவில்லை. திரும்பத் திரும்பச் சுட்டாள். கடைசியில் நான்தான், மஞ்சள் விற்கிற விலைக்கு இது வேண்டாம் என்று அவளை நிறுத்தினேன்.

தட்டு வற்றிய மத்தியானம்

மூக்கில்லாமல் கிரில் போடலாம். காது உதவும். ஈரம் இருக்கும்வரை ஒரு சத்தம், ஈரம் போனதும் வேறு சத்தம். கண் உதவும். மீனின் ஓரம் வெள்ளையாகி மேலே ஏறுகிற அளவைப் பார்த்துப் புரட்டலாம். மீதிக்குப் புஷ்பம் அக்கா இருந்தார். யாரும் சொல்லி அவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. நான் அடுப்பருகே நின்றால், கழுவிக்கொண்டிருக்கும் சட்டியோடு கொஞ்சம் என் பக்கம் தள்ளி வந்து நிற்பார். வேண்டிய நேரத்தில் "தம்பி, கருகுது" என்பார். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

அவர் லீவில் போன ஒரு நாள்தான் அது நடந்தது. நல்ல கூட்டம். தட்டில் தண்ணீர் வற்றியதை நான் கவனிக்கவில்லை. வற்றிய தட்டில் கொழுப்பு காய்ந்து புகைய ஆரம்பித்திருக்கிறது. ஜன்னலில் பனி, தட்டில் புகை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அது பாட்டுக்கு எழும்பி வெளியே போகிறது என்று அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இருமிக்கொண்டே எழுந்து புல்தரைக்கு ஓடிய பிறகுதான் மெனேஜர் உள்ளே வந்து திருகை அணைத்தார்.

மெனேஜரை மரியாதையாக மஹத்தயா என்றுதான் கூப்பிடுவோம், கண்டிப் பக்கத்துச் சிங்களவர். கத்துகிற ஆள் இல்லை. சாயங்காலம் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, சிங்களத்திலும் தமிழிலும் கலந்து சொன்னார். மரக் கூரை, தீ பிடித்தால் மிஞ்சாது. ஏப்ரல் சீசன் தொடங்குகிற முதல் சனிக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வருகிறது. அன்றைக்கு அவரே பக்கத்தில் நின்று பார்ப்பார். யார் துணையும் இல்லாமல் நான் சரியாகச் செய்தால் அடுப்பு என்னுடையது. இல்லையென்றால் அறைகளுக்குப் படுக்கை விரிக்கிற பகுதிக்கு மாற்றிவிடுவார். சம்பளம் குறையாது.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. நான் கிரில்காரன். வேறு எதுவும் நான் ஒழுங்காகச் செய்ததில்லை. போர்வையை எனக்கு நேராக மடிக்கக்கூட வராது.

வெள்ளிக்கிழமை

இந்த அடுப்பைச் சுத்தம் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. வேலை முடிந்ததும், சூடு ஆறுவதற்குள் கம்பி பிரஷ்ஷால் சட்டத்தைக் கோடு கோடாகத் தேய்க்க வேண்டும். ஆறிய பிறகு சட்டத்தைக் கழற்றிச் சவர்க்கார வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவ வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் எண்ணெய் இல்லாவிட்டால் விடிவதற்குள் துரு ஏறிவிடும். தட்டை அன்றன்றைக்கே காலி செய்ய வேண்டும். குளிரில் கொழுப்பு வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். சோம்பல்பட்டால் மறுநாள் இரட்டை வேலை.

கம்பிகளை மட்டும் கழுவக்கூடாது. கொஞ்ச நேரம் முழுச் சூட்டில் விட்டால் ஒட்டியிருப்பது தானாகவே எரிந்து உதிர்ந்துவிடும். ஆறியபின் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் படவே கூடாது. எல்லாருக்கும் இதைச் சொல்லியிருந்தேன். புஷ்பம் அக்காவுக்கும் சொல்லியிருந்தேன்.

ஆனால் எங்கள் லயங்களில் வெள்ளிக்கிழமை விடிந்தால் அடுப்பைக் கழுவாமல் யாரும் பற்றவைப்பதில்லை. கழுவி, மஞ்சள் தெளித்து, பொட்டு வைத்த பிறகுதான் தேநீர்க் கேத்தலே ஏறும். சனிக்கிழமை எனக்குச் சோதனை. அதற்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை. நான் வேலைக்கு வந்தபோது என் கிரில் குளித்து முடித்திருந்தது. புஷ்பம் அக்கா கம்பிகளைத் தூக்கி நிறுத்தி, அடி முதல் முனை வரை தேய்த்து, ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை மேலாக ஊற்றியிருந்தார். சட்டத்தின் கோடுகளிலெல்லாம் மஞ்சள். இரண்டு திருகுகளிலும் குங்குமப் பொட்டு. கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது.

துடைத்துவிட்டுத் திருகினேன். பங்களா முழுவதும் கரண்ட் போய்விட்டது. ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடியும் திருகினேன். மறுபடியும் போனது. மெனேஜர் வந்தார். திருகில் இருந்த பொட்டைப் பார்த்தார். யார் செய்தது என்று அவர் கேட்பதற்கு முன்பே புஷ்பம் அக்கா முன்னால் வந்து நின்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதவே கூசுகிறது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா" என்றேன்.

"வெள்ளிக்கெழம அடுப்பக் கழுவாம எப்புடிங்க தம்பி பத்தவக்கிறது? அதுவும் நாளைக்கு ஒங்களுக்கு..." என்று நிறுத்தினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒங்க மூக்கு வரணும்னு மாரியாத்தாவ நெனச்சுக்கிட்டுத்தான் ஊத்துனேன்."

மெனேஜருக்கு அதை நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வெளியே போய் ஹட்டனுக்கு போன் போட்டார்.

உலைச் சுவர்

ஹட்டனிலிருந்து வயரிங் பாஸ் வந்தார். இங்கே கைத்தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் பாஸ்தான். கம்பிகளின் முனை வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிட்டது, கழற்றி நல்ல சூடான இடத்தில் ஒரு நாள் வைத்தால் சரியாகலாம், சரியாகவில்லையென்றால் புதுசு கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றார். சனிக்கிழமைக்குள் அது நடக்காது. சூடான இடத்துக்கு எங்கே போவது? வெளியே வெயில் என்று பெயருக்குக்கூட ஒன்றும் இல்லை.

பரமேஸின் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு போடுகிற பக்கம் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. இரவும் பகலும் சூடு. மழையில் நனைந்து வருகிறவர்கள் கம்பளியையும் சாக்கையும் அதில்தான் காயப்போடுவார்கள். கம்பிகளைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினேன். புஷ்பம் அக்கா பின்னாலேயே வந்தார். போகச் சொன்னேன், போகவில்லை. பனிக்குள் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் என்னோடு வந்தது.

தொழிற்சாலையில் டீமேக்கர் ஐயா, தேயிலையின் தரத்துக்குப் பொறுப்பானவர், வாசலிலேயே கையைக் காட்டித் தடுத்தார். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். இறைச்சி சுட்ட கம்பி அந்த வளவுக்குள் வந்தால் அன்றைய தூள் முழுவதும் பாழ் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த வாரம் என்னைச் சுற்றி எல்லாரும் நியாயமாகவே பேசித் தொலைத்தார்கள்.

பரமேஸ் தலைத்துணியோடு வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். சாக்கை அவிழ்த்து, கம்பிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"ஐயா, மோந்து பாருங்க" என்றாள். "எறச்சி வாசமே இல்ல. மஞ்ச வாசந்தான் வருது."

அவர் குனிந்து முகர்ந்தார். சந்தேகத்தோடு இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு சுவருக்கு வெளிப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் புஷ்பம் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கேயோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நின்ற எல்லாரும் முகர்ந்தார்கள், என்னைத் தவிர.

இடது பக்கத் திருகு

சனிக்கிழமை காலையில் கம்பிகள் திரும்பி வந்தன. பாஸ் பூட்டிக் கொடுத்துவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார். சட்டத்தைத் தேய்க்க நேரமில்லை. கோடுகளில் மஞ்சள் காய்ந்து பிடித்திருந்தது. சூட்டில் எரிந்து போகட்டும் என்று அப்படியே மாட்டினேன். தட்டில் தண்ணீர் நிரப்பினேன். ஜன்னலைத் திறந்தேன். மெனேஜர் கைகட்டி ஒரு பக்கம் நின்றார். துணையில்லாமல் செய்ய வேண்டும் என்பதால் புஷ்பம் அக்கா வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

இடது பக்கத் திருகைத் திருப்பினேன். கரண்ட் போகவில்லை. எல்லாரும் மூச்சுவிட்டோம். வலது பக்கமும் திருப்பினேன்.

கம்பி மெல்லச் சிவந்தது. சட்டம் சூடேறியது. கோடுகளிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. பிறகு கனத்த புகை. மெனேஜர் தும்மினார். கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் புஷ்பம் அக்கா விடாமல் இருமுவது கேட்டது.

நான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர். பனியும் ஆவியும் புகையும் ஒன்றாகிச் சமையலறையே இல்லாமல் போனது. அப்போது ரொம்பத் தூரத்தில், அடுத்த மலையிலிருந்து யாரோ கூப்பிடுவது மாதிரி, ஏதோ ஒன்று வந்தது. கசப்பாக, காரமாக, மெலிதாக. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. குனிந்தேன். இன்னும் குனிந்தேன். விளக்கில் மஞ்சளைக் காட்டிச் சுட்டு என் மூக்கருகே பிடித்த பரமேஸின் கை நினைவுக்கு வந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "கருகுது."

"கருகாம என்னாங்க செய்யும், அவ்வளவு மஞ்சளையும் ஊத்திப்புட்டேனே" என்று இருமலுக்கு நடுவே சொல்லிக்கொண்டே வந்தவர், வாசற்படியில் நின்றுவிட்டார். "யாரு தம்பி சொன்னா ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லலக்கா."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மெனேஜர் அவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

மத்தியானம் மீன் போட்டேன், கோழி போட்டேன், லீக்ஸ் போட்டேன். மீன் வாசம் அன்றைக்கு வரவில்லை. அது வருவதற்கு இன்னும் பல வாரம் ஆனது. கோழி வாசம் அதற்கும் பிறகு. அன்றைக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான், கருகுவதன் வாசம். கிரில்காரனுக்கு முதலில் வேண்டியது அதுதான். அடுப்பு என்னிடமே இருந்தது. டாக்டர் சொன்னபடி தானாக வந்ததா, மாரியாத்தா கொடுத்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதை உண்டு.

இப்போது வெள்ளிக்கிழமை காலைகளில் புஷ்பம் அக்கா மஞ்சள் தண்ணீர் வாளியோடு வந்து நிற்பார். நான் இரும்புச் சட்டத்தை மட்டும் கழற்றிக் கையில் கொடுப்பேன். கம்பிக்கு முன்னால் நின்று கையை விரித்து மறித்துக்கொள்வேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டத்தைக் கழுவி, பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பார். முதல் சூட்டில் அந்தக் கசந்த வாசம் எழும்பி ஜன்னல் வழியாக வராந்தாவுக்குப் போகும். விருந்தாளிகள் யாராவது எட்டிப் பார்த்து, இது என்ன மசாலா என்று கேட்பார்கள்.

கழுவும் தொட்டிப் பக்கம் கையைக் காட்டி, அந்த அக்காவைக் கேளுங்கள் என்பேன்.